பூனை உருவில் என் தந்தை

என் தந்தையின் முகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு கேலிச்சித்திரத்தில். அப்போது எனக்கு எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் இறந்தபோது எனக்கு ஐந்து வயது. என் தங்கை அம்மாவின் வயிற்றில் இருந்தாள். அவருடைய உள்ளங்கையின் சொரசொரப்பு எனக்கு நினைவிருக்கிறது. மேல்துண்டில் ஒட்டியிருந்த திருநீற்று மணம் நினைவிருக்கிறது. வாசலில் அவர் செருப்பைக் கழற்றிப் போடும் ஓசையும் நினைவிருக்கிறது. முகம் மட்டும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து அணுகினாலும், கழுத்துக்கு மேலே வெயில் பட்ட சுவரைப் போல ஒரு வெளிச்சம்தான் நிற்கும்.

வீட்டில் புகைப்படமும் கிடையாது. படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று நம்பியவர் அவர். ஜில்லா போர்டில் உறுப்பினராக இருந்தார். உறுப்பினர்கள் எல்லோரும் கூடிப் படம் எடுத்துக்கொண்ட நாளில், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வண்டி கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டாராம். அடுத்த மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் வந்து அவரைக் கொண்டுபோயிற்று. அப்படிக் காப்பாற்றிவைத்த ஆயுள் எங்கே போயிற்று என்று அம்மா சில சமயம் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்வாள்.

திதி நாளில் மற்ற வீடுகளில் மாலை போட்ட படம் இருக்கும் இடத்தில், எங்கள் வீட்டில் ஒரு செப்புச் சொம்பு இருக்கும். அதன் வாயில் மாவிலை செருகி, கழுத்தில் புது வேட்டியைச் சுற்றி, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் பட்டையாகத் திருநீறு பூசி வைப்போம். அந்தச் சொம்புக்கு முன்னால்தான் இலை போட்டுப் படைப்போம். அம்மா போன பிறகு சொம்பு என் தங்கை வீட்டுக்குப் போயிற்று. அவள் சதுரங்கப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள், கணவர் காலமாகிவிட்டார், மகன் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். நான் தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்று, மனைவியையும் இழந்து, செங்கல்பட்டில் ஒரு வாடகைப் பகுதியில் இருந்தேன். பிள்ளைகள் இல்லை. பிரதோஷந்தோறும் திருக்கழுக்குன்றம் கோயிலில் பதிகம் பாடுவதும், ஆண்டுக்கொரு முறை தங்கை வீட்டில் அப்பாவுக்குப் படைப்பதுமே எனக்கு எஞ்சியிருந்த கடமைகள்.

தங்கைக்குச் சர்க்கரை. அது முதலில் வலது கண்ணைக் கொண்டுபோயிற்று. சென்னையில் பார்த்த டாக்டர், இடது கண்ணில் மீதமுள்ளதையும் அதிக நாள் நம்ப வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அன்று அவளைத் திரும்ப அழைத்துவந்த பேருந்தில், திருப்போரூர் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்:

"அண்ணா, பேரப்புள்ளைங்கள பாத்தாச்சு. காசிய பாத்தாச்சு. தெனம் காலைல எழுந்தா கடல பாக்கறேன். நைனாவ மட்டும்தான் பாக்கல."

"எனக்கே முகம் ஞாபகம் இல்லையேம்மா."

"நீயாச்சும் அவர் மடில குந்திகினு இருந்தவன். எனக்கு இன்னா கீது? ஒரு சொம்பு கீது. அத்த வருசா வருசம் புளி போட்டு தொலக்கி வெச்சிகினு கீறேன். இருட்டறதுக்குள்ள ஒரே ஒரு தபா அவர் மொகத்த பாத்துட்டா போதும்ணா."

இல்லாத ஒன்றைக் கேட்கிறாள் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் நான் தேடினேன். அப்பா தப்பித்துக்கொண்ட அந்த ஜில்லா போர்டுப் படத்தைக்கூட ஒரு வக்கீல் வீட்டில் கண்டுபிடித்தேன். தலைப்பாகைகளும் கோட்டுகளும் இரண்டு வரிசையாக அமர்ந்திருந்தன. அவர் இருந்திருக்க வேண்டிய இடம் எது என்றுகூடச் சொல்ல முடியாதபடி நெருக்கமாக அமர்ந்திருந்தார்கள்.

சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடிய சமயம் அது. செங்கல்பட்டுக் கடைத்தெருவில் எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான பாய் ஒருவர் இருந்தார். படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். முருகன், பெருமாள், மெக்கா, கல்யாணப் படம், செத்தவர் படம் எல்லாம் ஒரே சுவரில் தொங்கும். என் வீட்டுப் பூசையறையில் இருக்கும் சுவாமிகள் அத்தனை பேருக்கும் கண்ணாடி போட்டவர் அவர்தான். ஒரு நாள் காலையில் கடைப்பையன் வந்து, பாய் உடனே வரச் சொன்னதாகச் சொன்னான்.

போனபோது அவர் மேசைமேல் பழைய அச்சுத்தாள்களை விரித்து வைத்திருந்தார். வெள்ளைக்காரர் காலத்தில் வாரந்தோறும் அச்சாகிக் காலணாவுக்கு விற்ற அரசியல் நையாண்டிப் படங்கள். சென்னையில் அவற்றைச் சேகரிக்கும் ஒருவர், எங்கள் ஊரில் நடக்கவிருந்த பொன்விழாக் கண்காட்சிக்காகச் சட்டம் போடக் கொடுத்திருந்தார்.

"குந்து அண்ணாத்த. மொதல்ல டீ குடி," என்றார் பாய்.

"எதுக்கு அவசரமா கூப்ட்டீங்க?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி இத்தெல்லாம் பாரு. சிரிப்பா கீது."

பார்த்தேன். ஒரு தாளில் வெள்ளைக்காரக் கவர்னர், முழங்காலுக்கு மேல் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, நாட்டையே ஈரத்துணி போலத் துவைகல்லில் அடித்துப் பிழிகிறார். சொட்டுவதெல்லாம் ஒரு கப்பலுக்குள் விழுகிறது. இன்னொன்றில் பட்டத்துக்கு அலைந்த கனவான் ஒருவருக்கு நீளமாக வால் முளைத்திருக்கிறது. அது தரையில் படாமல் இரண்டு சேவகர்கள் பின்னால் தாங்கி வருகிறார்கள். மற்றொன்றில் ஒரே நாற்காலியில் மந்திரிகள் ஒருவர் மடியில் ஒருவராக அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்க, கீழே நசுங்கிக் கிடப்பவர் மட்டும் பாரதமாதாவுக்கு வணக்கம் சொல்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். யாரோ எழுதிய கோடுகள், யாரோ ஒருவரின் பாட்டனார்கள்.

பாய் சிரிக்கவில்லை. அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுல பேரும் ஊரும் போட்டுக்கீது அண்ணாத்த. நீ சொல்லிகினே இருப்பியே, அதே பேரு. நெசமா இல்லியா, நீயே சொல்லு. என்ன திட்டாத."

மாமல்லபுரத்தில் பெரும்பாறையில் செதுக்கிய தவக்காட்சியைப் பார்த்தவர்களுக்கு அங்குள்ள பூனையைத் தெரியும். முனிவரைப் போலவே பின்கால்களில் நின்று, முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்வதாகப் பாவனை காட்டும் பூனை. அதை நம்பிச் சுற்றிலும் விளையாடும் எலிகள். கல்லில் அந்தப் பூனையை வடித்தவனின் கேலியை, அதற்கும் பன்னூறு ஆண்டுகள் கழித்து இந்தப் படக்காரன் இரவல் வாங்கியிருந்தான். அதே பூனை. அதே தூக்கிய கைகள். நெற்றியிலும் மார்பிலும் புயத்திலும் பட்டை பட்டையாகத் திருநீறு, கழுத்தில் உருத்திராக்கம். தொப்பை பெருத்து, உள்ளே விழுங்கிய ஏரி மதகின் பலகைகள் தோலை முட்டிக்கொண்டு தெரிந்தன. காலடியில் நான்கு எலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் எங்கள் ஏரிக்குக் கீழுள்ள ஓர் ஊரின் பெயர். எலிகள் கும்பிட்டுக்கொண்டிருந்தன. மதகு பழுதுபார்க்கும் பொறுப்பை ஜில்லா போர்டு அவரிடம் விட்டது என்பதும், மதகு பழுதுபார்க்கப்படவில்லை என்பதும் அடியில் இரண்டு வரிகளில் அச்சாகியிருந்தன. அதன் கீழே என் தந்தையின் பெயர்.

பூனைக்கு மனித முகம். மீசை பூனையுடையது, மற்றதெல்லாம் மனிதனுடையது. தோளைத் தொடுவது போல நீண்ட காது மடல்கள். நடுவில் சற்றே வளைந்த மூக்கு. இடது புருவம் நட்டநடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. சிறு வயதில் கிணற்று ராட்டினம் அவிழ்ந்து விழுந்து அப்பாவுக்கு அந்த இடத்தில் தழும்பு உண்டு என்று அம்மா எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் முகத்தைப் பற்றி அவள் வாயால் சொன்னது அது ஒன்றுதான்.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தப் புருவம்தான். கேலி பிறகுதான் உறைத்தது. என்னை மடியில் வைத்திருந்தவர் இவர் என்று உடம்பு சொல்லிற்று. அடுத்த கணமே, திருநீற்றை வைத்து ஊரை ஏய்த்தவர் இவர் என்று தாள் சொல்லிற்று. நானோ அன்று காலையில் பூசிய திருநீறு கலையாமல் அந்தத் தாளின் முன் உட்கார்ந்திருந்தேன்.

"அவர்தான் பாய்," என்றேன்.

கண்காட்சிக்கும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பெரிய கூடத்தில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். மற்றப் படங்களைப் பார்த்துப் புன்னகை செய்தபடி வந்தவர்கள், அந்தப் படத்தின் முன் நின்று வாய்விட்டுச் சிரித்தார்கள். பூனையை எல்லோருக்கும் தெரியும் அல்லவா, எங்கள் பக்கத்துப் பூனை! சட்டைப்பையில் பேனா செருகிய ஒருவர் தன் நண்பரிடம், "யோவ், இங்க பாருய்யா, இன்னாமா பட்டைய போட்டுகினு நிக்குது! மதக முழுங்கிட்டு மகாதேவாங்குது!" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பியவர், பக்கத்தில் அதே பட்டைத் திருநீற்றோடு நின்றிருந்த என்னைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, உங்கள சொல்லல," என்று கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தங்கைக்கு எதைக் காட்டுவது? பாய்தான் ஒரு வழி சொன்னார்.

"பெரிசா ரெண்டு ஜெராக்ஸ் எட்த்து வெச்சிக்கீறேன். ஒண்ணுல மூஞ்ச மட்டும் கட் பண்ணி, பஸ் ஸ்டாண்டாண்ட கீற ஸ்டுடியோல குடு. டச்சிங் பண்றவன் கெட்டிக்காரன். செத்தவன் கண்ணயே தொறந்து வெப்பான். மீசைய எட்த்துட்டு, கோட்டு போட்டு, தலப்பா கட்டி குடுத்துடுவான். அம்மா பாத்துட்டு சந்தோசமா கும்டுகினு போவட்டும். அவுங்களுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

எனக்கும் அது கருணையாகவே பட்டது. ஸ்டுடியோக்காரர் தம் வேலையில் குறை வைக்கவில்லை. காதைச் சுருக்கினார், மூக்கை நிமிர்த்தினார், புருவத்தை ஒட்டவைத்தார், கன்னத்தில் மெல்லிய சிவப்பு ஏற்றினார். வந்து சேர்ந்தவர் சரிகைத் தலைப்பாகை கட்டிய, களையான, எனக்கு முன்பின் தெரியாத ஒருவர். மிகையைத் திருத்தத் திருத்த அப்பா அதனுள்ளிருந்து போய்க்கொண்டே இருந்திருக்கிறார். படக்காரன் வெறுப்போடுதான் பார்த்தான், ஆனாலும் பார்த்தான். ஸ்டுடியோக்காரர் அவரைப் பார்த்ததே இல்லை.

சட்டமிட்ட அந்தப் படத்தையும், சுருட்டிய ஜெராக்ஸையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு திதிக்கு முதல் நாள் சதுரங்கப்பட்டினம் போனேன். தங்கை வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, சட்டத்தை இடது கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து, மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். பார்வை அவளுக்கு அப்போதே ஒரு சல்லிக்காசின் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"யாருண்ணா இது?"

"நைனாம்மா."

"புருவத்துல வெட்டு எங்க?"

நான் பையைக் காலுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

"சினிமால ஜமீன்தார் வேசம் கட்றவன் மாதிரி கீறான். இவனுக்கா நான் படைக்கணும்?" சட்டத்தைப் பக்கத்தில் வைத்தாள். "பையில இன்னொண்ணு கீது. நீ உள்ள வரும்போதே காயிதம் சலசலன்னுது. எடு."

"அது வேணாம்மா."

"ஏன், செத்துக் கெடக்கற கோலமா?"

"இல்ல."

"அப்ப எடு. நாளைக்கி எனக்கு இந்தக் கண்ணு இருக்குமோ இருக்காதோ. நீ வேற."

விரித்துக் கொடுத்தேன். தாளைத் தலைகீழாகப் பிடித்துவிடாமல் இருக்க அவள் மருமகள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். தங்கை கீழிருந்து தொடங்கினாள். எலிகள் கண்ணில் பட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது மாபலிபொரத்து எலிங்க இல்ல? கல்யாணம் ஆன புதுசுல அவரு கூட்டிகினு போயி காட்டுனாரே!" என்று மருமகளிடம் சொன்னாள். பார்வை தொப்பைக்கு ஏறிற்று. "இன்னாடி இது, பலகைய முழுங்கி வெச்சிக்கீது?" மீண்டும் சிரித்தாள். உருத்திராக்கத்தைக் கடந்தாள். முகத்துக்கு வந்தாள்.

சிரிப்பு நின்றது. ஆள்காட்டி விரலால் இடது புருவத்தின் பிளவைத் தொட்டாள். விரல் காது மடலுக்கு இறங்கிற்று. பிறகு அதே விரலால் தன் காது மடலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். கம்மல் கனத்தால்தான் காது இப்படித் தொங்கிப்போயிற்று என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

"நைனா," என்றாள். இறந்தவரைப் பற்றிச் சொல்லும் குரல் அல்ல அது. கூப்பிட்டாள்.

விரலைத் தாளின் அடிக்கு இறக்கி, "அடியில இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டாள். படித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை.

"நெசமாண்ணா?"

"தெரியாதும்மா. கேக்கறதுக்கு யாரும் இல்ல. எலக்சன் நேரத்துல எதிர்க்கட்சிக்காரன் எதையும் போடுவான்."

"எலி மேல எந்தெந்த ஊரு பேரு?"

நான்கு ஊர்களையும் சொன்னேன். கடைசிப் பெயரைக் கேட்டதும் அவள் கை தாளின்மேல் அசையாமல் நின்றது. ஏரித் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை ஊர் அது. எங்கள் ஊரிலிருந்து திருக்கழுக்குன்றம் போக அதுதான் குறுக்குவழி. ஆனால் அம்மா ஒருநாளும் அதன் வழியாக நடந்ததில்லை. வெயிலானாலும் மழையானாலும், எங்கள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றித்தான் போவாள். கால் வலிக்கிறது என்று அழுதால் தூக்கிக்கொள்வாள். வழியை மட்டும் மாற்றமாட்டாள்.

"அதான் அம்மா அந்த ஊரு பக்கமே போவமாட்டாளா?" என்றாள் தங்கை.

பாய் கடையில் அந்தத் தாளைப் படித்தபோதே எனக்கு வந்த நினைவுதான். அவளுக்கு வராமல் போகட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன்.

மருமகள் தாளை மெதுவாகச் சுருட்டப் போனாள். தங்கை தடுத்தாள்.

"மாட்டு."

"எங்கம்மா?" என்றேன்.

"எங்க மாட்டுவாங்க? அந்த ஜமீன்தார கழட்டிட்டு அந்தச் சட்டத்துலயே போட்டு, சொம்பு வெக்கற எடத்துல மாட்டு."

"ஊர் சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும். சிரிக்கறதுக்குன்னுதானே போட்டான். எனக்கு இருக்கறது ஒரே அப்பன். திருடனோ நல்லவனோ, இதான் அவன் மொகம்."

மறுநாள் பூனைக்கு மாலை சாத்தி, சாம்பிராணி காட்டி, இலை போட்டோம். மகனின் மாமியார் திருப்போரூரிலிருந்து வந்திருந்தார். வாய்த்துடுக்கானவர், கெட்ட எண்ணம் இல்லாதவர். படத்தைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டு, "இன்னா சம்பந்தி இது, பூனைக்குப் போயி வடை படைச்சிகினு கீறீங்க? ரெண்டு கருவாடு வெச்சிருந்தா ஆசையா சாப்ட்டிருக்குமே!" என்றார்.

"அதுக்குத்தான் படத்துலயே நாலு எலி கீதே சம்பந்தி. நீங்க கவலப்படாம வடைய சாப்டுங்க," என்றாள் தங்கை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இலை எடுத்த பிறகு சமையலறைப் பக்கம் போனபோது, அவள் ஈரச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஆண்டு எதற்கும் பயன்படாத அந்தச் சொம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க அதன்மேல் கண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிவிட்டேன்.

ஏசிப் பாடுவது எங்கள் மரபுக்குப் புதிதல்ல. பிச்சை எடுப்பவன் என்றும், சுடுகாட்டில் ஆடுபவன் என்றும், சொன்ன சொல் தவறியவன் என்றும் அடியவர்கள் இறைவனைப் பாடியிருக்கிறார்கள். அந்த நிந்தாஸ்துதிகளை நான் கண்ணீர் மல்கப் பாடியிருக்கிறேன், கேட்பவர்கள் உருகியிருக்கிறார்கள். அந்த ஏச்சு ஏன் இனிக்கிறது என்பதை அந்தப் படம் வீட்டுக்கு வந்த பிறகே யோசித்தேன். இறைவனுக்கு ஆயிரம் திருவுருவம். பித்தன் என்று ஒருவர் ஏசிய மறுகணமே பொன்மேனியன் என்று வேறொருவர் பாடுவார். ஒரு சன்னிதியில் சாம்பல் பூசி நிற்பவன் அடுத்த சன்னிதியில் மணக்கோலத்தில் நிற்பான். வசை அவன்மேல் தங்குவதில்லை. என் தந்தைக்கு ஒரே ஓர் உருவம்தான். அதை எழுதியவன் ஒரு வாரச் சிரிப்புக்காக எழுதினான். அந்த வாரத்து அரசியலும் முடிந்து, போர்டும் போய், அதை வாங்கிச் சிரித்தவர்களும் போய், ஏரியே பாதி மனையாகிவிட்டது. அந்தப் பூனை மட்டும் நிற்கிறது. மற்றத் தாள்களில் வால் முளைத்துப்போனவர்களுக்கும் மடியில் நசுங்கியவர்களுக்கும் பெண்களும் பேத்திகளும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பார்த்தும்தான் நான் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

அந்த மார்கழிக்குள் தங்கையின் இடது கண்ணும் அணைந்தது. பார்வை வேண்டி அடியவர்கள் பாடிய பதிகங்களையெல்லாம் திருக்கழுக்குன்றத்தில் பாடினேன். மலையேறியும் பாடினேன். சதுரங்கப்பட்டினம் போகும்போதெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன். ஒரு நாள் பாட்டின் நடுவில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமாண்ணா? கண்ணு போயிட்டா நைனா மொகம் உள்ளுக்குள்ள நிக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்."

"நிக்கலியா?"

"நிக்குது. பூனையாவே நிக்குது. மீசைய எட்த்துட்டு பாக்கறேன், தொப்பைய எட்த்துட்டு பாக்கறேன். எடுக்க எடுக்க மொகமும் கூடவே போயிடுது. திருப்பி பூனைய கொண்டாந்தாதான் வரார். உனக்கு நல்லா வராரா? பூனை இல்லாம?"

எனக்கும் வருவதில்லை. படத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்துக்கு மேலே எனக்கு ஒரு வெளிச்சமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. செருப்பைக் கழற்றும் ஓசை கேட்கிறது. நிமிர்ந்து பார்த்தால் மீசை தெரிகிறது.

"வரலம்மா," என்றேன்.

அவள் தலையசைத்துக்கொண்டாள். வேறு பதில் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த திதிக்குப் போனபோது எல்லாம் தயாராக இருந்தன. மகன் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிக் குளித்துவிட்டு நின்றான். மருமகள் இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றியிருந்தாள். படத்துக்கு மாலை சாத்தியாயிற்று. தங்கையைக் கையைப் பிடித்து அழைத்துவந்து படத்தின் எதிரே உட்காரவைத்தேன். அவள் கைகூப்பவில்லை.

"அண்ணா, படத்த எறக்கு."

"ஏம்மா?"

"எறக்கேன்."

"உனக்குத்தான் தெரியலையேம்மா. சுவத்துல இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா?" என்றான் மகன்.

"எனக்குத் தெரியலன்னா இன்னாடா? அவரு அங்க நின்னுகினுதானே கீறாரு, கைய தூக்கிகினு?" என்றாள். "நான் பொறக்கறதுக்கு முன்னாடி தூக்கின கை. இன்னும் எறக்கல. வலிக்காது அவருக்கு? தப்பு பண்ணாரோ பண்ணலியோ. எவ்ளோ நாளுதான் நிக்க வெப்பாங்க ஒரு மனுசன? கீழ எறக்கி படுக்க வெய்யிண்ணா."

ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினேன். மருமகள் கோரைப்பாயை விரித்து, மடித்து வைத்திருந்த புது வேட்டியை அதன்மேல் பரப்பினாள். அதில் படத்தை மல்லாக்கக் கிடத்தினேன். தங்கை கைகளால் துழாவிக் கண்ணாடியைக் கண்டுபிடித்தாள். தூக்கிய கைகள் படத்தில் எந்த இடத்தில் இருந்தன என்பது அவளுக்கு மறக்கவில்லை. அங்கே இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல நீவினாள். வலியெடுத்த கையை நீவிவிடுவது போலவே நீவினாள்.

"படுத்துட்டாரா?"

"படுத்துட்டாரும்மா."

அவள் நீவிக்கொண்டே இருந்தாள். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பதிகம் பாட வேண்டியவன் நான். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.